பயணம் ஒன்று... கல்லாப்பெட்டி ஆறு!

*மெட்ரோவும் மின்சார ரயிலும் மாநகரப் பேருந்தும் ஒரே பயணியைத்தான் சுமக்கின்றன. ஆனால், அவற்றுக்கான பணம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. சென்னையில் தொடங்கி கோவை, சேலம், ஓசூர் வரை, ஊர்களை இணைக்கும் போக்குவரத்துக்குப் போடப்படும் திட்டங்கள் எங்கே சிக்கி நிற்கின்றன?*

கிளாம்பாக்கம். 2024 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை விடியற்காலை. தென்மாவட்டங்களிலிருந்து வந்த அரசு விரைவுப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைகின்றன. தூக்கம் கலையாத பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி அப்பாக்கள் இறங்குகிறார்கள். அம்மாக்கள் கையில் ஊரிலிருந்து கட்டிக்கொடுத்த அரிசிப்பையும் தேங்காயும். இறங்கியவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ‘‘சிட்டிக்குப் போற பஸ் எங்கேங்க நிக்கும்?’’

நிலையம் பளபளவென்று இருக்கிறது. உயரமான கூரை, அகலமான நடைமேடை, துடைத்துவைத்த தரை. குறை சொல்ல முடியாத கட்டடம். வெளியே வந்தால் ஜி.எஸ்.டி சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில், ஜன்னல்களில் விளக்கு எரிய, வேகம் குறையாமல் கடந்துபோகிறது. அந்த ரயிலில் ஏறினால் தாம்பரம், மாம்பலம், எழும்பூர் எல்லாம் கைக்கெட்டும் தூரம். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான். ஆனால், ரயில் நிற்க அங்கே நிலையம் இல்லை. முன்னால் இருக்கும் வண்டலூருக்கோ, பின்னால் இருக்கும் ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் ஏற வேண்டும். பையும் பிள்ளையுமாக நிற்பவர்களை ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள்.

88 ஏக்கருக்கு மேல் நிலம், 390 கோடி ரூபாய்க்கு மேல் செலவு என்று கட்டி, 2023 டிசம்பர் 30-ம் தேதி முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்த பேருந்து நிலையம் இது. பக்கத்திலேயே ஓடும் ரயிலோடு அதைச் சேர்க்க, திறப்பு விழாவுக்கு முன் வழி பிறக்கவில்லை. திறந்து சில வாரங்களிலேயே, போதிய பேருந்து இல்லை என்று நள்ளிரவில் பயணிகள் மறியலில் இறங்கியதை நாம் பார்த்தோம். எந்த அதிகாரியும் சோம்பேறித்தனமாக இருந்ததால் நடந்ததல்ல இது. பணமும் பொறுப்பும் பிரிந்து கிடக்கும் விதத்தால் நடந்தது.

ஒரு வாசலில் ஆறு நிர்வாகங்கள்

கிளாம்பாக்கம் நிலையத்தைக் கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. உள்ளே வந்து நிற்கும் வெளியூர்ப் பேருந்துகள் விரைவுப் போக்குவரத்துக் கழகத்துடையவை, கோட்டக் கழகங்களுடையவை. நகரத்துக்குள் அழைத்துப்போவது மாநகரப் போக்குவரத்துக் கழகம். வாசலில் இருக்கும் சாலை நெடுஞ்சாலைத் துறையினரின் பொறுப்பு. தண்டவாளம் தெற்கு ரயில்வேயுடையது. நாளைக்கு விமான நிலையத்திலிருந்து மெட்ரோ வந்தால், அது சென்னை மெட்ரோ ரயில் நிறுவனத்தின் கணக்கு. ஆறு நிர்வாகங்கள், ஆறு கல்லாப்பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் தனி வரவு செலவு, தனி ஒப்பந்தப்புள்ளி, தனி மேலிடம்.

ரயில் நிற்க வேண்டும் என்று முடிவானபோது என்ன நடந்தது? நிலையம் அமைக்க சி.எம்.டி.ஏ-தான் ரயில்வேக்கு 20 கோடி ரூபாய் கட்டியது. ரயில்வே சொத்தில் ரயில்வே கட்டும் ரயில் நிலையத்துக்கு, நகரத் திட்டமிடும் அமைப்பு பணம் கொடுக்க வேண்டியிருந்தது. சாலையைத் தாண்டி ரயில் நிலையத்துக்குப் போகும் ஆகாய நடைபாதைக்குத் தனி மதிப்பீடு, தனி நில எடுப்பு. 390 கோடிக்கு ஒரே துறையில் கையெழுத்து கிடைத்தது. 20 கோடிக்கு இரண்டு அரசுகள் பேச வேண்டியிருந்தது. பயணி தவித்ததெல்லாம் அந்த 20 கோடி இடைவெளியில்தான்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் ‘கும்டா’ பிறந்தது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். எல்லா வாகனங்களையும் ஒரே குடையின் கீழ் திட்டமிட ஓர் ஆணையம் வேண்டும் என்று 2006-ல் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது. தமிழ்நாடு 2010-ல் சட்டம் இயற்றியது. முதல்வர் தலைமையில் குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் மெட்ரோவின் முதல் கட்டம் கட்டப்பட்டு, ஓடி, நீட்டிக்கப்பட்டே விட்டது.

இப்போது கும்டாவிடம் நல்ல திட்டமிடல் வல்லுநர்கள் இருக்கிறார்கள். 25 ஆண்டுகளுக்கான விரிவான போக்குவரத்துத் திட்டம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் அறிமுகமான ‘சென்னை ஒன்’ செயலி, பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூ.ஆர் குறியீட்டில் டிக்கெட் எடுக்க வைத்திருக்கிறது. நிஜமான சாதனை அது. இல்லாதது ஒன்றுதான்: பணம். மெட்ரோவின் கடனோ, ரயில்வேயின் ஒதுக்கீடோ, பேருந்துக் கழகத்தின் மானியமோ கும்டாவின் கை வழியாகப் போவதில்லை. தனக்கென்று வரி வசூலிக்கும் உரிமையும் அதற்கு இல்லை. பணத்தை வைத்திருப்பவரைக் கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.

> பெட்டிச் செய்தி: விரிந்துகொண்டே போகும் பெருநகரம்
>
> சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டப் பகுதிகளோடு ராணிப்பேட்டை மாவட்டத்தின் அரக்கோணமும் உள்ளே வந்தது.
>
> இதற்குள் சென்னை, ஆவடி, தாம்பரம், காஞ்சிபுரம் என நான்கு மாநகராட்சிகள்.
>
> கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல்.
>
> மெட்ரோவின் முதல் ரயில் கோயம்பேடு – ஆலந்தூர் இடையே 2015 ஜூன் 29-ல் ஓடியது. இரண்டாம் கட்டத்தின் நீளம் 118.9 கி.மீ. மதிப்பீடு 63,246 கோடி ரூபாய்.

757 கோடியா, 9,335 கோடியா?

தாம்பரத்துக்குத் தெற்கே வாழ்பவர்களின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில், செங்கல்பட்டு. நகருக்குள் வாடகை கட்டுப்படியாகாமல் தள்ளித் தள்ளிப் போனவர்கள், கடன் வாங்கி இரண்டு படுக்கையறை ஃபிளாட் வாங்கியவர்கள், தொழிற்சாலை வேலைக்காக ஊரிலிருந்து வந்தவர்கள் என லட்சக்கணக்கான குடும்பங்கள் இந்த ஒரே சாலையையும் ஒரே தண்டவாளத்தையும் நம்பி இருக்கின்றன.

காலை எட்டு மணிக்குக் கூடுவாஞ்சேரி நடைமேடையில் நின்றால் விஷயம் புரியும். ரயில் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். வந்ததும், இறங்குபவர்களுக்கு வழிவிட இடமிருக்காது. கதவோரக் கம்பியைப் பிடிக்க ஒரு விரல் கிடைத்தால் போதும் என்று ஏறுவார்கள். அடுத்த ரயில் இன்னும் சீக்கிரம் வந்தால் இந்த நிலை மாறும். அதற்குத் தண்டவாளம் வேண்டும். விரைவு ரயிலும் சரக்கு ரயிலும் புறநகர் ரயிலும் அங்கே இடத்துக்குப் போட்டி போடுகின்றன.

இதற்கு இரண்டு மருந்துகள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று, தாம்பரம் – செங்கல்பட்டு நான்காவது ரயில் பாதை. 30 கி.மீ. 2025-ல் ரயில்வே ஒப்புதல் கொடுத்த மதிப்பீடு சுமார் 757 கோடி ரூபாய். இன்னொன்று, விமான நிலையம் – கிளாம்பாக்கம் மெட்ரோ நீட்டிப்பு. 15.46 கி.மீ, 13 நிலையங்கள், 9,335 கோடி ரூபாய். பாதி நீளத்துக்குப் பன்னிரண்டு மடங்கு பணம்.

இரண்டையும் தட்டில் வைத்து மெட்ரோ வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தரையில் இருக்கும் நிலத்தில் போடும் பாதையும், தூண் நட்டு மேலே போகும் பாதையும் ஒன்றல்ல. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் கடைவீதிகளுக்கு மெட்ரோ செய்யும் சேவையை நான்காவது பாதை செய்யாது. விஷயம் அதுவல்ல. இந்தப் பகுதி மக்களுக்கு எது முதலில் வேண்டும், எது கொஞ்சம் காத்திருக்கலாம் என்று இரண்டையும் ஒரே மேஜையில் வைத்து முடிவு செய்தவர் யாருமில்லை. ஒன்று ரயில்வேயின் கோப்பு. இன்னொன்று மெட்ரோவின் கோப்பு. இரண்டு கோப்புகளும் டெல்லிக்குத்தான் போகின்றன. ஆனால், வேறு வேறு அமைச்சகத்துக்கு.

கோயம்பேடு – பட்டாபிராம் (21.76 கி.மீ, 9,744 கோடி), பூந்தமல்லி – பரந்தூர் (52.94 கி.மீ, 15,906 கோடி) நீட்டிப்புகளும் இப்படித்தான் வரிசையில் நிற்கின்றன. ஆவடி வழியாகப் பட்டாபிராமுக்கு ஏற்கெனவே மின்சார ரயில் ஓடுகிறது. அந்த ரயிலின் இடைவெளியைக் குறைக்க என்ன செலவாகும் என்ற கணக்கு, மெட்ரோவின் திட்ட அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்பட வேண்டாமா?

பரங்கிமலையில் இந்தப் பிரிவினையைக் கண்ணால் பார்க்கலாம். புறநகர் ரயில், மெட்ரோ, பறக்கும் ரயில் மூன்றும் சந்திக்கும்படி திட்டமிட்ட இடம். வேளச்சேரியிலிருந்து அங்கே வர 5 கி.மீ பறக்கும் ரயில் பாதைக்கு 2008-ல் வேலை தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் கடைசி அரை கிலோமீட்டர் நிலம் வழக்கில் சிக்கியது. பத்தாண்டுகளுக்கு மேல் அந்தத் தூண்கள் பாதியில் நின்றன. பறக்கும் ரயிலின் இரண்டாம் கட்டச் செலவில் 67 சதவீதம் மாநிலத்துடையது, 33 சதவீதம் ரயில்வேயுடையது. நிலம் எடுப்பது மாநிலத்தின் வேலை. கட்டுவதும் ஓட்டுவதும் ரயில்வே. தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் வேளச்சேரியில் இறங்கி, கிண்டிக்கு ஷேர் ஆட்டோ பிடித்தவர்கள்.

மூன்றரை ஆண்டுகள் யார் தோளில்?

இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கு 2020 நவம்பரில் அமித் ஷா அடிக்கல் நாட்டினார். 2021 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில் அறிவிப்பும் வந்தது. மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் வந்தது 2024 அக்டோபர் 3-ம் தேதி. அதுவரை அது ‘மாநிலத் துறைத் திட்டம்’. செலவில் சுமார் 90 சதவீதம் மாநிலத்தின் பொறுப்பில் இருந்ததாக மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது.

ஒப்புதலுக்குப் பிறகு கணக்கு தலைகீழானது. மத்திய அரசின் பங்குத் தொகையும் துணைக்கடனும் 7,425 கோடி. ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி உள்ளிட்ட அமைப்புகளிடம் வாங்கும் 33,593 கோடி கடன், மத்திய அரசின் கடனாகக் கருதப்படும். மீதி 22,228 கோடி மாநிலத்துக்கு. அதாவது, ஒரே திட்டம், ஒரே தூண், ஒரே சுரங்கம். கையெழுத்து ஒன்று மாறியதும் 90 சதவீதம் 35 சதவீதமாகிறது.

இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகளில் வேலை நிற்கவில்லை. ஆற்காடு சாலையும் ராஜீவ் காந்தி சாலையும் மாதவரமும் தகரத் தடுப்புகளுக்குப் பின்னால் தோண்டப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆனால், மாநிலத்தின் கடன் வரம்பு அந்தத் திட்டத்துக்காகக் கரைந்தது. அதே காலத்தில் வாங்கியிருக்கக்கூடிய பேருந்துகள், போட்டிருக்கக்கூடிய நடைபாதைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் என்று பட்டியலிட்டால் யாருக்கும் மனம் கனக்கும். ஒரு பெருநகரத்தின் முதுகெலும்பாகப் போகும் திட்டத்துக்கான பணம், இரண்டு அரசுகளின் அரசியல் உறவைப் பொறுத்து வருவதும் வராததுமாக இருக்கக் கூடாது. எந்தக் கட்சி ஆண்டாலும் இது பொருந்தும்.

டெல்லியில் நீதிமன்றம் திறந்த பெட்டி

அண்டை மாநிலங்கள் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கினால் என்னாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. தேசியத் தலைநகர் மண்டலப் போக்குவரத்துக் கழகம். 2013-ல் உருவானது. மத்திய அரசுக்கு 50 சதவீதப் பங்கு. டெல்லி, உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் நான்குக்கும் தலா 12.5 சதவீதம். டெல்லி – காசியாபாத் – மீரட் 82 கி.மீ பாதைக்கு 30,274 கோடி ரூபாய் மதிப்பீடு. 2023 அக்டோபரில் முதல் 17 கி.மீ திறக்கப்பட்டது. மணிக்கு 160 கி.மீ வேகம். ‘நமோ பாரத்’ என்று பெயர்.

அதில் ஓர் அருமையான யோசனை இருக்கிறது. மீரட் நகருக்குள் மெட்ரோவுக்கென்று தனிப் பாதை கட்டவில்லை. வேக ரயிலின் அதே தண்டவாளத்தில், கூடுதல் நிலையங்களில் நின்று நின்று போகும் மெட்ரோவும் ஓடும்படி வடிவமைத்தார்கள். ஒரே அமைப்பு திட்டமிட்டதால்தான் அது சாத்தியமானது. தமிழ்நாடு இதை மனதில் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால், அங்கேயும் பணம் சுலபமாக வரவில்லை. டெல்லி – அல்வார், டெல்லி – பானிபட் பாதைகளுக்கான தன் பங்கைத் தர டெல்லி அரசு தயங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மூன்று ஆண்டுகளில் விளம்பரத்துக்கு 1,100 கோடி செலவழிக்க முடிந்தவர்களால் இதற்குத் தர முடியாதா என்று 2023 ஜூலையில் நீதிபதிகள் கேட்டார்கள். 415 கோடியைக் கட்டுவதாகச் சொல்லியும் கட்டாததால், நவம்பரில் விளம்பர ஒதுக்கீட்டையே ரயில் திட்டத்துக்கு மாற்ற உத்தரவிட்டார்கள். ஒரு வாரம் அவகாசம் தந்து அதை நிறுத்திவைத்தார்கள். பங்குதாரர் ஒருவர் பணம் தராவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒப்பந்தத்துக்குள்ளேயே பல் இருந்திருந்தால், நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் மாதக்கணக்கில் இதைக் கேட்க வேண்டியிருந்திருக்காது.

> பெட்டிச் செய்தி: மற்ற ஊர்கள் எப்படிச் சேர்ந்தன?
>
> ஹாம்பர்க், ஜெர்மனி: 1965-ல் ரயில், பேருந்து, படகு நிறுவனங்கள் தங்கள் தனித்தன்மையை விடாமல், ஒரே கால அட்டவணை, ஒரே கட்டணம் என்று கூட்டமைப்பாகச் சேர்ந்தன. உலகில் இவ்வகையில் இதுவே முதல். வசூலான பணம் பொதுவில் சேர்ந்து, பின்னர் பிரிக்கப்படுகிறது.
>
> பாரிஸ், பிரான்ஸ்: 1971 முதல், நிறுவனங்கள் தாங்கள் கொடுக்கும் சம்பளத் தொகையின் விகிதத்தில் போக்குவரத்து வரி கட்டுகின்றன. ஊழியர் நேரத்துக்கு வந்தால் லாபம் முதலாளிக்கும்தான் என்பது வாதம்.
>
> சான் பிரான்சிஸ்கோ வளைகுடா, அமெரிக்கா: ‘பார்ட்’ ரயிலுக்காகப் பல மாவட்டங்கள் சேர்ந்தன. 1961-ல் சான் மட்டேயோ விலகியது, 1962-ல் மரின் விலகியது. விமான நிலையத்துக்கு ரயில் போய்ச் சேர 2003 ஆனது. மரினுக்கு இன்றுவரை போகவில்லை.
>
> மகாராஷ்டிரா: மும்பை, புனே, நாக்பூர் உள்ளிட்ட நகரங்களில் 2022 ஏப்ரல் முதல் சொத்துப் பதிவில் 1 சதவீதம் மெட்ரோவுக்கான கூடுதல் வரி.

கோவை: 15 லட்சமா, 21 லட்சமா?

2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ திட்ட அறிக்கைகளை மத்திய அரசு திருப்பி அனுப்பியது. கொங்கு மண்டலமே கொதித்தது. சொல்லப்பட்ட முக்கியக் காரணம், 20 லட்சம் மக்கள்தொகை இல்லை. 2017-ன் மெட்ரோ ரயில் கொள்கையை மேற்கோள் காட்டினார்கள். கோவை மாநகராட்சி எல்லைக்குள் 2011 கணக்கெடுப்பின்படி 15.84 லட்சம் பேர்.

அதே 2011 கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. கோவை நகர்ப்புறத் தொகுதி, அதாவது மாநகராட்சியும் அதை ஒட்டி ஒன்றாகக் கலந்துவிட்ட ஊர்களும் சேர்ந்து 21 லட்சத்துக்கு மேல். எந்தக் கோட்டை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து தகுதி வருகிறது, போகிறது. 2011-க்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்காத நிலையில், பழைய எண்ணை வைத்து ஒரு நகரத்தின் அடுத்த முப்பது ஆண்டுகளைத் தீர்மானிப்பது நியாயமே இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கோவைப் பாதையில் சென்னை மெட்ரோவையும் மிஞ்சும் பயணிகள் எண்ணிக்கை கணக்கிடப்பட்டிருக்கிறது என்று மத்திய அரசு எழுப்பிய சந்தேகத்தை வெறும் அரசியல் என்று ஒதுக்கிவிட முடியாது. மெட்ரோ நிலையம் வரை மக்களைக் கொண்டுவரப் பேருந்து இல்லையென்றால், எந்தக் கணக்கும் காகிதத்தில்தான் நிற்கும்.

அவிநாசி சாலையைப் பாருங்கள். 10.1 கி.மீ மேம்பாலம், 1,791 கோடி ரூபாய். 2025 அக்டோபரில் ஜி.டி.நாயுடு பெயரில் திறக்கப்பட்டது. மெட்ரோ போக வேண்டும் என்று கோவை கேட்கும் அதே சாலைதான். மேம்பாலத்துக்கு ஒரு துறையின் பணம் போதும். டெல்லியின் தலையசைப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அதனால் மேம்பாலம் முதலில் வருகிறது. கார் வைத்திருப்பவருக்கு வழி கிடைத்துவிட்டது. கீழே பேருந்து நிறுத்தத்தில் வெயிலில் நிற்பவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. எளிதாகக் கிடைக்கும் பணம் எதுவோ, அதற்கேற்றபடிதான் நம் நகரங்கள் வடிவம் கொள்கின்றன என்பதை வேதனையோடு பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இப்போது அதைவிடப் பெரிய கனவு வந்திருக்கிறது. 2025–26 மாநில பட்ஜெட்டில் மூன்று மண்டல வேக ரயில் பாதைகளுக்குச் சாத்தியக்கூறு ஆய்வு அறிவிக்கப்பட்டது. சென்னை – செங்கல்பட்டு – திண்டிவனம் – விழுப்புரம் 167 கி.மீ. சென்னை – காஞ்சிபுரம் – வேலூர் 140 கி.மீ. கோவை – திருப்பூர் – ஈரோடு – சேலம் 185 கி.மீ.

மூன்றாவது பாதைதான் என் மனதுக்கு மிக நெருக்கமானது. நூலும் துணியும் இயந்திரமும் மஞ்சளும் எஃகும் விளையும் நான்கு ஊர்கள் ஒரே கோட்டில் இருக்கின்றன. திருப்பூரில் வேலை, கோவையில் வீடு என்று தினமும் ஓடுபவர்கள் ஏராளம். ஈரோட்டுப் பெண் ஒருத்தி கோவைக் கல்லூரிக்கு விடுதிச் செலவில்லாமல் போய்வர முடிந்தால், அந்தக் குடும்பத்தின் தலையெழுத்தே மாறும். இந்த நான்கு மாநகராட்சிகளையும் தனித்தனியாக எண்ணினால் எதுவும் தேறாது. சேர்த்து எண்ணினால் இது தமிழ்நாட்டின் இரண்டாவது பெருநகரம்.

ஆனால் செலவு? டெல்லி – மீரட் பாதைக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 369 கோடி ஆகியிருக்கிறது. சுரங்கம் எவ்வளவு, தூண் எவ்வளவு என்பதைப் பொறுத்து இது மாறும். தோராயமாக அதே விலையில் 185 கி.மீ என்றால் 68,000 கோடியைத் தாண்டும். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தைவிட அதிகம். மூன்று பாதைகளும் சேர்ந்தால் ஒன்றே முக்கால் லட்சம் கோடிக்கு மேல். இதில் கோவையின் பங்கு எவ்வளவு, சேலத்தின் பங்கு எவ்வளவு, ரயில்வே ஏற்கெனவே இரட்டைப் பாதை வைத்திருக்கும் அதே வழித்தடத்தில் புதுப் பாதையா, கூடுதல் பாதையா என்பதையெல்லாம் முதலிலேயே பேசியாக வேண்டும். கூடுதல் தண்டவாளம் போட்டு, அரை மணிக்கொரு மெமு ரயில் விட்டாலே இன்றைய தேவையில் பெரும்பகுதி தீருமா என்ற கேள்விக்கு முதலில் பதில் வரட்டும்.

ஓசூரின் பாடு வேறு மாதிரி. பெங்களூரு மெட்ரோ 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அங்கிருந்து ஓசூர் எட்டிவிடும் தூரம். ஆனால், பெங்களூரில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் மின்சாரம். சென்னை மெட்ரோ பழகியது தலைக்கு மேல் போகும் 25,000 வோல்ட் கம்பி. இரண்டு மாநிலங்கள் ஒரே ரயிலை விட வேண்டுமென்றால், எல்லையில் மின்சாரம்கூட ஒத்துப்போக வேண்டும். தொடக்கத்திலேயே சேர்ந்து உட்கார்ந்து பேசாததன் விலை அது.

கட்டிய பிறகு யார் ஓட்டுவது?

கட்டும் செலவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அடிக்கல் உண்டு, ரிப்பன் உண்டு. ஓட்டும் செலவுக்கு விழா கிடையாது. ஆனால், பயணியின் வாழ்க்கையை நிர்ணயிப்பது அதுதான்.

ஊரப்பாக்கத்திலிருந்து அண்ணா நகருக்கு வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். மின்சார ரயிலில் பரங்கிமலை, அங்கிருந்து மாறாமல் மெட்ரோவில் அண்ணா நகர் டவர். வேகமான வழி அதுதான். ஆனால், 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எனவே, அவர் பேருந்திலேயே கோயம்பேடு போய், மாறி, நெரிசலில் நின்று போகிறார். மெட்ரோ கட்டணம் போக வர என்று சேர்த்தால் கூலியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். காசை மிச்சம் பிடிக்கத் தினமும் தன் நேரத்தைக் கொடுக்கிறார். ‘விடியல் பயணம்’ என்ற இந்தக் கட்டணமில்லாப் பேருந்துச் சலுகை தமிழ்நாட்டின் மிகச் சிறந்த திட்டங்களில் ஒன்று. அதன் சலுகை ரயில் நிலைய வாசலில் நின்றுவிடுவதுதான் குறை. பேருந்துக்கு மானியம் கொடுப்பது மாநிலம், ரயிலுக்கு மத்திய அரசு, மெட்ரோ தனி நிறுவனம். ‘சென்னை ஒன்’ மூன்று டிக்கெட்டை ஒன்றாக்கியது. கட்டணம் மட்டும் இன்னும் கூட்டல் கணக்குதான்.

பணமே இல்லையா என்றால், இருக்கிறது. காலையில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போய்ப் பாருங்கள். தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசை கட்டி நிற்கும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி நிறுவனங்களின் வேன்கள். ஒவ்வொரு நிறுவனமும் தனியார் ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுத்து ஊழியரைக் கொண்டுவருகிறது. போக்குவரத்துக்கான செலவுதான் அது. பொதுப் பெட்டிக்கு வராத செலவு.

பாரிஸ்போல நிறுவனங்களிடம் சம்பள விகிதத்தில் வரி வாங்கலாமே என்றால், குறுக்கே அரசமைப்புச் சட்டம் நிற்கிறது. தொழில், வேலை மீதான வரி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 276-வது பிரிவு சொல்கிறது. 1988-ல் வைத்த உச்சவரம்பு. அன்றைய 2,500 ரூபாயின் மதிப்பு என்ன, இன்றைய மதிப்பு என்ன? இந்தத் தொழில் வரியைத் தமிழ்நாட்டில் உள்ளாட்சிகள் வசூலிக்கின்றன. இந்த வரம்பைத் திருத்தி, கூடுதலாக வரும் தொகையை மண்டலப் போக்குவரத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று கட்டிப்போட்டால், ஒரு நிலையான வருமானம் பிறக்கும். நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் கட்சி பேதமில்லாமல் எழுப்பவேண்டிய கோரிக்கை இது.

இன்னொரு ஊற்று நிலம். மெட்ரோ வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததுமே, மனை விலை ஏறிவிடுகிறது. பொதுப்பணத்தில் போட்ட பாதையால் ஏறிய விலை அது. லாபம் முழுக்க நிலம் வைத்திருந்தவருக்கும் தரகருக்கும் போகிறது. வாடகைக்கு இருப்பவர் இன்னும் பத்து கிலோமீட்டர் தள்ளிப் போகிறார். அந்த ஏற்றத்தில் ஒரு பங்கை வசூலிக்க வேண்டும் என்று மெட்ரோ கொள்கையே சொல்கிறது. மகாராஷ்டிரா பத்திரப்பதிவில் அதைச் செய்கிறது. இங்கேயும் செய்யலாம். முதல் வீடு வாங்கும் சிறு குடும்பத்துக்கு விலக்கு கொடுத்துச் செய்யலாம். வசூலாகும் பணம் மாநிலத்தின் பொதுக்கணக்கில் கரையாமல், கும்டாவின் பெட்டிக்கு நேராகப் போக வேண்டும்.

அப்போதுதான் ரயில்வேயிடம் கும்டா போய், ‘காலையில் கூடுதலாக ஆறு ரயில் விடுங்கள், அதற்கான நஷ்டத்தை நாங்கள் ஈடுகட்டுகிறோம்’ என்று சொல்ல முடியும். கிளாம்பாக்கத்தில் 20 கோடிக்காக யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்காது.

வேக ரயில் பாதைகளின் விரிவான திட்ட அறிக்கைகள் எழுதப்படும் முன்பே முடிவாக வேண்டியவை இவை. கோவை – சேலம் பாதைக்குச் சென்னையிலிருந்து இயங்கும் நிறுவனம் வேண்டாம். நான்கு மாநகராட்சிகளும் மாநிலமும் ரயில்வேயும் பங்குபெறும் ஓர் ஆணையம் கோவையிலோ ஈரோட்டிலோ அமைய வேண்டும். யார் எவ்வளவு தருவார்கள், தராவிட்டால் எந்த ஒதுக்கீட்டிலிருந்து பிடித்துக்கொள்வது, ஓடத் தொடங்கிய பின் ஆண்டு நஷ்டத்தை எப்படிப் பகிர்வது என்பதெல்லாம் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். நிலையத்துக்கு வரும் பேருந்துக்கான பணமும் ரயில் திட்டத்தின் மதிப்பீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அடுத்த பட்ஜெட்டில் நிதியமைச்சர் எழுந்து எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லும்போது, அதை ஓட்டப்போகும் பெட்டி எது என்று எதிர்க்கட்சி வரிசையிலிருந்து ஒருவராவது எழுந்து கேட்கட்டும்.